விடுதியில் சாப்பாட்டைத் தவிர்ப்பதும் மனச்சோர்வும்: இது சிக்கனமா, நோயா?

கேள்வி: தலவாக்கலைப் பிள்ளை

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கண்டிப் பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வந்து, கலைப்பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். விடுதியில் ஓர் அறையில் நான்கு பேர் இருக்கிறோம். மற்ற மூவரிடமும் கேட்க முடியாத ஒன்றை, இங்கே யாரும் என்னை அறியமாட்டார்கள் என்ற தைரியத்தில் கேட்கிறேன்.

முதலாம் வருடத்தில் மகாபொல என்ற மாணவர் உதவிப்பணம் பிந்தி வந்த மாதங்களில் பகல் சாப்பாட்டை விட்டுவிட்டு, ஒரு பணிஸும் பிளேன்டீயுமாகச் சமாளித்தேன். அப்போது அது பணப் பிரச்சினை மட்டும்தான். தீபாவளி லீவுக்கு வீட்டுக்குப் போனபோது, சித்தி என்னைப் பார்த்து, "மெலிஞ்ச பிறகுதான் முகமே எடுப்பா இருக்கு" என்று சொன்னார். பெச் பிள்ளைகளும் வட்ஸ்அப்பில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள். சின்ன வயதிலிருந்தே "குண்டச்சி" என்று கேலி செய்யப்பட்ட எனக்கு அந்தப் பாராட்டு மிகவும் பிடித்துப்போனது.

இப்போது கையில் காசு இருக்கும் நாட்களிலும் என்னால் சாப்பிட முடிவதில்லை. சோற்றுப் பார்சலை விரித்தவுடன் சோற்றை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கிறேன். பிறகு பாதியையும் பாதியாக்குகிறேன். மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் போடும்போது, மழையில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையில் நிற்கும் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்து அழுகை வருகிறது. ஆனால் இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு அலுமாரிக் கதவின் பின்னால் நின்றபடி கிரீம் கிரெக்கர் பக்கெட் ஒன்றை ஜாமுடன் முழுவதுமாகத் தின்று முடிக்கிறேன். நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடிவதில்லை. சில இரவுகளில் அதை வாந்தியாகவும் எடுத்துவிட்டேன். அடுத்த நாள் தண்டனைபோல முழுப் பட்டினி. அறைத் தோழிகள் நான் விரதம் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன்.

விரிவுரையில் மனம் நிற்பதில்லை. சிறிய விடயத்துக்கும் எரிச்சல் வருகிறது, காரணமில்லாமல் அழுகிறேன், யாருடனும் சேர்ந்திருக்கப் பிடிக்கவில்லை. சில மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. போனில் உயரத்தையும் நிறையையும் போட்டுப் பார்த்தால் "சரியான நிறை" என்று காட்டுகிறது. அப்படியானால் இது நோயா, அல்லது கட்டுப்பாடில்லாத என் குணமா? சாப்பாட்டால் மனம் கெட்டதா, மனம் கெட்டதால் சாப்பாடு கெட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: டிக்கோயா அக்கா

தங்கச்சி, நான் மலைநாட்டு அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் வைத்தியராக வேலை செய்கிறேன். உங்களைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு வரியைக்கூட "குணம்" என்ற கணக்கில் சேர்க்க நான் தயாராக இல்லை.

முதலில் நிறையைப் பற்றிச் சொல்கிறேன். பட்டினி, அதன் பின் கட்டுக்கடங்காத சாப்பாடு, அதன் பின் வாந்தி என்று சுற்றிவரும் நிலையை 1979 ஆம் ஆண்டில் ஜெரால்ட் ரஸல் என்ற பிரித்தானிய மனநல மருத்துவர் புலிமியா நெர்வோசா என்ற பெயரில் விவரித்தார். இந்த நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோரின் நிறை சாதாரண அளவிலோ அதற்குச் சற்று மேலேயோதான் இருக்கும். அதனால்தான் வீட்டாருக்கும் அறைத் தோழிகளுக்கும், சில வேளைகளில் எங்களைப் போன்ற வைத்தியர்களுக்கும்கூட அது தெரியாமல் போகிறது. போன் காட்டும் உடற்திணிவுச் சுட்டி உயரத்தையும் நிறையையும் மட்டுமே அறியும்; நீங்கள் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதோ, கடந்த வருடம் எவ்வளவு நிறையில் இருந்தீர்கள் என்பதோ அதற்குத் தெரியாது. வேகமாக மெலிந்த ஒருவருக்கு அந்தச் சுட்டி சாதாரண அளவின் கீழெல்லையான 18.5க்கு மேலே இருந்தாலும், உடம்பு உள்ளே பட்டினியில் இருக்கலாம். மாதவிடாய் நின்றிருப்பது அதற்கு ஓர் அறிகுறியாக இருக்கக்கூடும். வேறு காரணங்களும் உண்டு என்பதால் அதைப் பரிசோதித்தே சொல்ல வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போருக்குப் போக மனச்சாட்சி இடம் கொடுக்காத, உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் சேர்ந்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்குத் தேவையில் ஏறக்குறைய பாதி உணவே கொடுக்கப்பட்டது. அழகுக்காக மெலிய வேண்டும் என்ற எண்ணம் அவர்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் அவர்கள் சோர்ந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள். படிப்பில் மனம் செல்லாமல் சமையற் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள், கொடுத்த உணவைத் துண்டு துண்டாகப் பிரித்து மணிக்கணக்காகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு நீங்கிய பின்னர் அவர்களில் பலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள்.

நீங்கள் சோற்றை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பதையும், அலுமாரிக்குப் பின்னால் நிற்பதையும் வாசித்தபோது எனக்கு அந்த இளைஞர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். இரவு பிஸ்கட் பக்கெட் உங்கள் பேராசை அல்ல. பகல் முழுவதும் மறுக்கப்பட்ட உடம்பு தன் கடனைக் கேட்டு வாங்குகிறது. மனச்சோர்வு முன்பே இருந்து சாப்பாட்டைக் கெடுத்திருக்கவும் கூடும். எது முந்தியது என்று கண்டுபிடிக்கும்வரை சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிப்பார்கள்.

1999 ஆம் ஆண்டில் பிரித்தானிய வைத்தியர்கள் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். வயிறு அளவுக்கு மீறி நிறைந்துவிட்டது என்று நீங்களாக வாந்தி எடுப்பதுண்டா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கட்டுப்பாடு கைவிட்டுப் போய்விட்டதாகக் கவலைப்படுகிறீர்களா? கடந்த மூன்று மாதங்களுக்குள் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்தீர்களா? மற்றவர்கள் மெலிவு என்று சொல்லும்போதும் உங்களை நீங்கள் பருமனாகக் காண்கிறீர்களா? உணவே வாழ்க்கையை ஆட்டிவைக்கிறது என்று சொல்வீர்களா? இவற்றில் இரண்டுக்கு "ஆம்" என்றால், நோய் உறுதி என்று பொருளல்ல, வைத்தியரிடம் போய் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள்.

பயமுறுத்தாமல் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. வாந்தி தொடர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம், வெளியில் பார்க்க நன்றாக இருப்பவருக்கும் கெடலாம். நெஞ்சு படபடத்தாலோ, மயங்கி விழுந்தாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ விடிவதற்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடத் தயங்கக் கூடாது. வாந்திக்குப் பிறகு உடனே பல் துலக்காமல் வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள், அமிலம் பட்டு இளகிய பல்லின் மேற்பூச்சைத் தூரிகை தேய்த்துவிடும்.

பதில்: நுவரெலியாக்காரன்

வைத்தியர் அக்கா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஒரு விடயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நாட்டிலேயே போசாக்கின்மை அதிகமாக உள்ள இடம் பெருந்தோட்டத் துறை என்று அரசாங்கக் கணக்கெடுப்புகளே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 வீதத்தைத் தொட்டபோது எங்கள் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கோதுமை மா ரொட்டியே மூன்று வேளைக்கும் என்றிருந்தது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த பிள்ளை சாப்பிடாமல் இருந்தால், அதற்குக் காரணம் சம்பளமும் பிந்திவரும் உதவிப்பணமும்தான். இதற்கு மேல்நாட்டுப் பணக்காரர்களின் வியாதிப் பெயரை ஒட்டிவிட்டால், பல்கலைக்கழகம் கன்டீன் விலையைப் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொள்ளும். படம் போடும் தளங்களைக் கொஞ்சம் மூடிவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம்.

பதில்: டிக்கோயா அக்கா

தம்பி, சம்பளத்தையும் உதவிப்பணத்தையும் பற்றி நீங்கள் சொன்னது சரி. கன்டீன் விலைக்கு எதிராகக் கடிதம் எழுதினால் நானும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் கையில் காசு இருக்கும் நாளிலும் சாப்பிட முடியவில்லை என்று தங்கச்சி எழுதியிருப்பதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். தொடக்கம் வறுமையாக இருந்திருக்கலாம், இப்போது நடப்பது வேறு. வறுமையால் மெலிந்த உடம்பைப் பார்த்து ஊர் "அழகு" என்று சொன்ன இடத்தில்தான் இது திசை மாறியிருக்கிறது.

பணக்காரர் வியாதி என்பதற்கும் ஒரு பதில் உண்டு. பீஜித் தீவின் நட்ரோகா மாகாணத்தில் 1995 இல்தான் தொலைக்காட்சி வந்தது. நன்றாகச் சாப்பிட்டுத் திடமாக இருப்பதையே அங்கே அழகாகவும் குடும்பம் நன்றாகக் கவனிக்கிறது என்பதற்கு அடையாளமாகவும் கருதினார்கள். எங்கள் பாட்டிமார் "சதை பிடித்திருக்கிறாள்" என்று சந்தோசப்படுவதைப் போல. அன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டில் பாடசாலை மாணவிகளிடம் விசாரித்தபோது, மெலிவதற்காக வாந்தி எடுப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. 1998 இல் வேறொரு மாணவியர் குழுவிடம் கேட்டபோது 11.3 வீதமானோர் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் விசாரிக்கப்பட்டவர்கள் அறுபது சொச்சம் பேர்தான் என்பதால் அந்த எண்ணிக்கையைப் பெரிதாக்க நான் விரும்பவில்லை. ஆனால் அவர்கள் வசதியான பிள்ளைகள் அல்ல. திரையில் கண்ட உடம்பு கிடைத்தால் நல்ல வேலையும் கிடைக்கும் என்று சில மாணவிகள் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். லயத்திலிருந்து முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்த ஒரு பிள்ளைக்கு அந்த எண்ணம் எவ்வளவு நெருக்கமானது என்று யோசித்துப் பாருங்கள். தளங்களை மூடிவைப்பது நல்லதுதான், ஆனால் பாதிப் பிரச்சினை அதனால் தீரும் என்று நான் நம்பவில்லை. சித்தி போனுக்குள் இருந்து பேசவில்லையே.

பதில்: பொகவந்தலாவை டீச்சர்

மகள், நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. விரதம் என்று தோழிகள் நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் மத்தியில் இந்த நோய் ஒளிந்துகொள்ள மிகவும் வசதியான இடம் அதுதான். வெள்ளிக்கிழமை, சஷ்டி, ஏகாதசி, சதுர்த்தி என்று பஞ்சாங்கத்தில் நாள் கிடைத்துக்கொண்டே இருக்கும். பட்டினி கிடக்கும் பெண்ணை வீடு கேள்வி கேட்காது, மெச்சவும் செய்யும்.

நான் பல வருடங்களாகக் கந்தசஷ்டி விரதம் இருப்பவள். ஆறு நாளும் முடிந்து ஏழாம் நாள் பாரணைக்கு இலை போட்டால், சோற்றுக்கும் பருப்புக்கும் கை தானாகப் போகும். அந்த முதல் பிடியின் ருசியே தனி. விரதம் முடிவதை எதிர்பார்த்துத்தான் இருப்போம், முடிந்ததும் சாப்பிடுவோம், பிறகு அதை மறந்துவிடுவோம். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, பெயரும் ஊரும் வேண்டாம், பாரணை நாள் வருகிறது என்றாலே முகம் வெளிறிப்போவாள். சாப்பிடச் சொன்னால் இன்னும் ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது என்பாள். முருகனுக்கு இருக்கும் விரதத்தில் நாள் கணக்கு உண்டு. அவள் இருந்ததில் முடிவு நாளே இருக்கவில்லை. வீட்டிலுள்ளவர்கள் தட்டில் எவ்வளவு சோறு இருக்கிறது என்று பார்ப்பதைவிட, பாரணை அன்று பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

அம்மாவிடம் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அது உங்கள் மனதில் இருக்கிறது என்று தோன்றுகிறது. "மனநோய்" என்ற சொல்லோடு தொடங்கினால் தோட்டத்தில் அது எப்படிப் பரவும் என்று உங்களுக்கே தெரியும். மாதவிடாய் நின்றுவிட்டது, சாப்பாடு தங்குவதில்லை, டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்று சொல்லுங்கள். இதில் பொய் எதுவும் இல்லை, அம்மாவுக்கும் உடனே விளங்கும். சித்தியிடம் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். உடம்பைப் பற்றிப் பேசுவது எங்கள் பக்கத்தில் நலம் விசாரிப்பதற்குச் சமம். "இளைச்சிட்டே", "ஊதிட்டே", "கறுத்திட்டே" என்பவற்றைத் தவிர வேறு வாக்கியம் எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் இதை வாசிக்கும் என் வயதுப் பெண்களிடம் ஒன்று கேட்கிறேன்: லீவுக்கு வரும் பிள்ளையிடம் "பஸ்ஸில் சனமா, சாப்பிட்டியா" என்று கேட்டால் போதாதா?

பதில்: கட்டுகஸ்தோட்டைத் தம்பி

இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளது என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பெச்சில் ஜிம்முக்குப் போகும் ஒருவன் சோற்றை முற்றாக நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து வரும் காசை எல்லாம் புரோட்டீன் பவுடருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் பயிற்சி தவறினாலும் அறையைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடுவான். "இன்னும் ஒல்லியாகத்தான் இருக்கிறேன்" என்பது அவனுடைய குறை. அவனையும் யாரும் நோயாளி என்று நினைக்கவில்லை. ஒழுக்கமானவன் என்று சீனியர்மார் உதாரணம் காட்டுகிறார்கள்.

தலவாக்கலைப் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. அந்த ஐந்து கேள்விகளில் மூன்றுக்கு என் பதில் "ஆம்". போக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன். ஆனால் இரண்டு தயக்கங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்குப் போனால் பீடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்பது ஒன்று. கடையில் சாமான் வாங்கும் அளவுக்குச் சிங்களம் தெரிந்தாலும், இதையெல்லாம் சிங்களத்தில் சொல்ல எனக்கு வராது என்பது மற்றது. போகும் நாள்வரை என்ன சாப்பிடுவது?

பதில்: டிக்கோயா அக்கா

தங்கச்சி, நோயாளி சொன்னதை வைத்தியர் பீடத்துக்குச் சொல்வதில்லை; உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டுமே வேறொருவரிடம் பேச நேரிடும், அதையும் முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டே செய்வோம். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், அங்கிருந்து மனநல கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே கட்டணம் இல்லை. கிளினிக்குக்குப் போவதற்கு முன்னர் தமிழில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால், அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுத்து, தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அந்த நிமிடமே எடுங்கள், அறையில் இருக்கும் ஒருத்தியையும் எழுப்புங்கள்.

மொழி விடயத்தில், தமிழ் பேசும் வைத்தியரோ தாதியோ கடமையில் இருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். யாரும் இல்லாவிட்டால் வாய்மொழியாகச் சொல்லச் சிரமப்படாமல், விபரங்களை ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான தோழி ஒருத்தியைக் கொண்டு சிங்களத்தில் மாற்றி எழுதிக்கொண்டு போங்கள். கடைசியாக மாதவிடாய் வந்த திகதி, நிறை எப்போதிலிருந்து எவ்வளவு குறைந்தது, வாந்தி வாரத்துக்கு எத்தனை முறை, மயக்கம் வந்ததா, வேறு ஏதும் மாத்திரை எடுக்கிறீர்களா என்பவை இருந்தால் போதும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, பல நாட்களாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருக்கிறீர்கள் என்றால் திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நீண்ட பட்டினிக்குப் பின் உணவு வேகமாக ஏறினால் இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற உப்பு இறங்கி ஆபத்தாகலாம். உங்கள் விபரத்தைப் பார்த்தால் அந்த நிலை இல்லை என்றே நினைக்கிறேன். அப்படியானால் அளவைப் பற்றி யோசிக்காமல் நேரத்தை மட்டும் பிடியுங்கள்: காலை, பகல், இரவு என்று மூன்று வேளை, இடையில் வாழைப்பழமோ பிஸ்கட்டோ ஏதாவது, மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விடாமல். முந்திய இரவு அலுமாரிப் பக்கம் போயிருந்தாலும், அடுத்த நாள் காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. சிகிச்சையிலும் முதலில் இதைத்தான் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்கள், அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

இரத்தம் எடுக்கப் போகும் நாளில் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று அறையில் யாராவது சொல்வார்கள். பொட்டாசியம் பார்ப்பதற்கு அது தேவையில்லை, வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, சாப்பிட்டுவிட்டே போங்கள்.